தேனீ நுழையாத கண்ணாடிக் குடில்

சடார்!

முன் கேட்டின் பூட்டில் சாவியை நுழைத்த தங்கையின் கை அப்படியே நின்றது. சத்தம் வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது. மண் தொட்டி உடைகிற சத்தம்.

இறுகிப்போன பூட்டோடு மல்லாடித் திறந்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டுச் சந்தில் ஓடினாள். மருந்துக் கடை பூட்டிக் கிடந்ததால் அரை மணி முன்னதாகவே திரும்பியிருந்தாள். அக்கா உள்ளே தனியாகப் படுத்திருக்கிறாள். இடுப்பெலும்பு உடைந்து ஐந்து மாதம். திருடன் வந்தால் கத்தலாம், எழுந்திருக்க முடியாது.

தோட்டத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடிக் குடிலின் கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. பழைய ஜன்னல்களைச் சேர்த்து அக்காவே கட்டிய குடில் அது. கூரையில் விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றப்போய்த்தான் ஏணியிலிருந்து விழுந்தாள். உள்ளே தக்காளி நாற்றுத் தொட்டி நாலு துண்டாகக் கிடந்தது.

"என்னடி சத்தம்?" படுக்கையறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"தொட்டி உடைஞ்சிருக்குக்கா. நீ நல்லாத்தானே இருக்க?"

"எனக்கென்ன, மரக்கட்டை மாதிரி கிடக்கேன். பூனையா இருக்கும். நாத்தைப் பொறுக்கி வை, வேர் காயறதுக்குள்ள."

பூனை குடில் கதவின் கொக்கியைக் கழற்றுமா? யோசித்தபடியே குனிந்து நாற்றுகளைப் பொறுக்கினாள். வெளியே இன்னும் காது மடல் சிலிர்க்கிற குளிர். குடிலுக்குள் நெற்றி வியர்த்தது. ஆனாலும் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையை அவள் தளர்த்தவில்லை.

இந்த வசந்தத்துக்கு விதைத்தது எல்லாம் இவள் கைதான். உத்தரவு மட்டும் கட்டிலிலிருந்து வரும். "தண்ணி ஊத்துன்னா குளிப்பாட்டுற! அது செடிடி, குழந்தை இல்ல." முப்பது வருடம் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்த குரல், ஜன்னல் தாண்டி வேலி வரைக்கும் கேட்கும்.

அக்கா கால் ஊன்றி நடந்த மறுநாள் தங்கை ஊருக்குத் திரும்ப வேண்டும். கணவனோடு அதுதான் பேச்சு. தினமும் காலை ஒன்பதரைக்கு அவனிடமிருந்து போன் வரும். "உங்க அக்கா எந்திரிச்சாச்சா?" என்று ஒரே கேள்விதான். இல்லை என்று சொல்லும்போது இவள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, பிறகு ஏன் கால் ஊன்றவில்லை என்று பிசியோதெரபிஸ்ட் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி நாற்றை எடுக்கும்போதுதான் அதைப் பார்த்தாள்.

மூலையில் சுக்கினிச் செடி, பூசணிக்குத் தங்கை மாதிரி. அகல இலைகளுக்கு அடியில் பளபளவென்று நான்கு காய்கள்! ஒன்று விரல் நீளம். ஒன்று முழங்கையில் பாதி.

இலைகளை விலக்கி மறுபடி எண்ணினாள்.

போன வாரம் வரை பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. அக்காதான் காரணம் சொன்னாள். "குளிர்ல தேனீ வரல. ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சு, பெண் பூவுல நாமதான் தடவணும். காலைலதான் விரியும், பத்து மணிக்கு மூடிக்கும். நீதான் அந்த நேரத்துல கடை கடையா சுத்தப் போயிடறியே!"

அவள் தடவவில்லை. தேனீயும் வரவில்லை. பிறகு எப்படி?

செடியின் காலடியில் இதழ் உரித்த ஆண் பூக்கள் கிடந்தன. மூன்று வாடியிருந்தன. ஒன்றின் காம்பில் இன்னும் ஈரம்.

யாரோ தினமும் காலையில் உள்ளே வந்து போகிறார்கள்!

குடில் வாசலுக்கு வந்தாள். செங்கல் பாதையில் ஈரமண் தடங்கள். வலது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. இடது பாதத்தில் விரல்கள் மட்டும். தடம் வேலிப் பக்கம் போகவில்லை. நேராக அக்காவின் அறைப் பின்கதவுக்குப் போயிற்று.

கதவைத் தள்ளினாள். அக்கா கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தாள். மூக்கு நுனியில் மஞ்சளாக மகரந்தத் தூள்.

"அக்கா, காலைக் காட்டு."

"எதுக்குடி?"

தங்கை போர்வையை உருவினாள். இரண்டு பாதங்களிலும் மண். கட்டைவிரல் இடுக்கில் ஒரு தக்காளி இலை.

தங்கை அந்த இலையைப் பிடுங்கி அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நடக்கற!"

"நொண்டறேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. குடில் வரைக்கும் போனது அஞ்சு நாளாத்தான். பிஞ்சு பிஞ்சா உதிர்ந்தா எப்படிடி சும்மா படுத்திருக்கறது? இன்னிக்குக் கேட் சத்தம் கேட்டுத் திரும்பினேன், தொட்டியில இடிச்சுட்டேன்."

"மூணு வாரம்! பெட்பேன் எடுத்தேனே அக்கா! நேத்துக்கூட உன்னைத் தூக்கி உட்கார வெச்சேனே! முதுகு ஒடியுதுன்னு சொன்னப்பக்கூட வாயைத் திறக்கலியே நீ!"

"முதுகைப் பத்தி நீ பேசாதே."

"ஏன் பேசக்கூடாது? என் குடும்பம் அங்க நிக்குது. அவர் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? நீ படுத்துக் கிடக்கிற சுகத்துக்கு என் வாழ்க்கை போகணுமா?"

சட்டைப் பைக்குள் போன் அலறியது. ஒன்பதரை.

தங்கையின் கோபம் அந்த நொடியே முகத்திலிருந்து வடிந்துவிட்டது. ஒரு கையில் போனை எடுத்தாள். மற்றொரு கை தானாகக் கழுத்துப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

"எடுக்கலேன்னா கோபப்படுவார். என்னக்கா சொல்லட்டும்? நீ நடந்துட்டேன்னு சொல்லட்டுமா?"

அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாகத் தங்கையின் கண்ணெதிரே நின்றாள். வலது காலை வைத்தாள். இடது காலை இழுத்தாள். அலறிக்கொண்டிருந்த போனை அவள் கையிலிருந்து பிடுங்கித் தலையணைக்கு அடியில் செருகினாள்.

"ஆஸ்பத்திரியில திரைக்குப் பின்னால நீ சட்டை மாத்தினப்போ, உன் முதுகுல அவன் அடிச்ச தழும்பை நான் பார்த்துட்டேன்டி."