சாமை உடையாத வேகம்

சனிக்கிழமை காலையில் மாணிக்கம்மாள் அத்தை முறத்தை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதே, நல்ல சேதி எதுவும் வரப்போவதில்லை என்று அம்சவல்லிக்குத் தெரிந்துவிட்டது.

“பாரு கவுண்டரே, மில்லு அரைச்ச லட்சணத்த!” அத்தை முறத்தை அம்சவல்லியின் அப்பா தீர்த்தகிரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “சாமையா இது? கோழிக்குப் போட்டாக்கூட ‘இன்னாமே, நொய்யக் கொண்ணாந்து கொட்டற’ன்னு கேக்கும்.”

தீர்த்தகிரி ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுக விட்டுப் பார்த்தார். முழு அரிசி பத்துக்கு ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் ரவை மாதிரி உடைந்து கிடந்தது.

“உன்னுது மட்டுமா, எல்லாருதுமா?”

“புதங்கெழமையும் வியாழக்கெழமையும் குடுத்த பதினோரு வூட்டுதும் இதே கதிதான். வர்ற வெள்ளி அம்மனுக்குப் பொங்கல். நொய்யப் போட்டு வெக்கச் சொல்றியா?”

ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர் கையில் ஒட்டிய நொய்யைத் தட்டி உதறினார். அறுவடையான புதுச் சாமையில் முதல் பானை காளியம்மனுக்கு. அந்தப் பானையில் உடைந்த அரிசி விழக்கூடாது. மலைமேல் இருக்கும் கல்லாத்துக்கொல்லையில் மழை பெய்யாத வருஷத்தில்கூட அந்த வழக்கத்தை யாரும் மாற்றியதில்லை.

“நாளைக்குக் காலைல மில்லு வாசல்லயே பஞ்சாயத்து. எஞ்சின் டிரைவர் காரணம் சொல்லட்டும். சொல்ல முடியலன்னா எஞ்சின மலைய வுட்டு எறக்கிடட்டும்” என்றார் தீர்த்தகிரி.

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்சவல்லியின் கையிலிருந்த களிக்கிண்டும் துடுப்பு அப்படியே நின்றது. எஞ்சின் இறங்கினால் டிரைவரும் இறங்கிவிடுவான். களி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு அடுப்பு நினைவே வந்தது.

அந்த எஞ்சின் மலைக்கு வந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. எழுபத்தைந்தாம் வருஷம் டீசல் விலை தலைக்கு மேல் ஏறியிருந்த நேரம். மலைக்கோ கரண்டு வரவில்லை. ஒடுகத்தூரிலிருந்த மில் முதலாளி தேவராஜ் கொஞ்சம் யோசனைக்காரர். அமிர்திப் பக்கம் மூடிப்போன ஒரு மரமில்லில் துருப்பிடித்து நின்ற பழைய நீராவி எஞ்சினை விலைக்கு வாங்கி, எட்டு ஜோடி மாடு பூட்டி, நான்கு நாள் இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டார். விறகும் உமியும்தானே அதற்குத் தீனி? மலையில் அதற்கா பஞ்சம்?

எஞ்சினோடு கூடவே வந்தவன் வடிவேலு. பக்கத்து மலைக்காரன், அதே சனம். போளூர் அரிசி மில்லில் ஆறு வருஷம் எண்ணெய்க்கறையில் ஊறியவன். அம்சவல்லி முதல்தடவை சாமைக் கூடையோடு போய் நின்றபோது அவன் அவளைப் பார்க்கவேயில்லை. எஞ்சின் முதுகில் நிமிர்ந்து நின்ற ஒரு தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள். கை நுனியில் ஆளுக்கொரு பித்தளைக் குண்டு. எஞ்சின் ஓட ஓட இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றின.

“அது இன்னாது, கும்மியடிக்குது?” என்று கேட்டாள்.

“கவர்னர்னு பேரு. ஆனா நீ சொன்ன பேருதான் நல்லாருக்குது” என்று அப்போதுதான் திரும்பினான். “எஞ்சினுக்கு மூளையே இந்தக் குண்டுங்கதான். வேகம் கூடுனா கைய விரிச்சிக்கினு மேல ஏறும் பாரு. அது ஏறுனா இந்தக் கம்பி நீராவி வர்ற வழிய கொஞ்சம் சாத்திடும். வேகம் கொறஞ்சா கைய மடக்கிக்கினு எறங்கும். வழி தொறந்துக்கும். ஒரு படி கொட்டுனாலும் ஒரு மூட்டை கொட்டுனாலும் ஒரே ஓட்டந்தான். அதனாலதான் உன் சாமை உடையல.”

“எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிச்சின்னா, உனக்கு இன்னா வேலை?”

“வர்றவங்ககிட்ட இதைச் சொல்றதுதான்.”

“எல்லார்கிட்டயுமா?”

“கேக்கறவங்ககிட்ட மட்டும்” என்றான்.

அன்றிலிருந்து வீட்டில் சாமை இருக்கிறதோ இல்லையோ, அம்சவல்லிக்கு மில்லில் வேலை இருந்தது. ஊர்ப் பெண்களுக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. முறை வரும்வரை கூடையை இறக்கி வைத்துவிட்டு, எஞ்சின் போடும் தாளத்துக்குக் கும்மிப் பாட்டுப் பாடுவார்கள். அந்தப் புகைவண்டிச் சத்தம் பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது.

சங்கடம் எங்கிருந்து வந்தது என்றால், புகழிலிருந்துதான். கும்மிக் குண்டைப் பார்க்கவென்றே மூன்று மலை தாண்டி ஆட்கள் வந்தார்கள். “இன்னாமா சுத்துது!” என்று வாய் பிளந்தார்கள். சில பெண்கள் குண்டைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு டிரைவரைப் பார்த்தார்கள். இத்தனை கண் பட்டால் கல்லே வெடிக்கும், எஞ்சின் எம்மாத்திரம்?

ஆயுத பூசையன்று வடிவேலு எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசை முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டான். எஞ்சினில் எதுவும் தொங்கக்கூடாதாம். அம்சவல்லிக்கு மனசு கேட்கவில்லை. எல்லாரும் பொரி வாங்கப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது ஊரறிந்த விஷயம். வீட்டில் தேய்ந்து கிடந்த ஏர்க்கொழு ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து, குண்டுகளுக்குக் கீழே பின்பக்கமாகப் போகும் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். கரிபிடித்த அந்த இருட்டு மூலையில் அது கண்ணுக்கே தெரியவில்லை. யாரும் பார்க்காமல் தன் புடவைத் தலைப்பால் ஒரு குண்டைத் துடைத்துவிட்டும் வந்தாள்.

மறுநாள் வடிவேலு புது பெல்ட் வாங்கப் போளூருக்குப் போனான். புதனும் வியாழனும் எஞ்சினை ஓட்டியது, அடுப்புக்கு விறகு தள்ளும் சடையன். அந்தப் பழைய மரமில்லில் பாய்லர் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்று காது மந்தமானவர்.

புதன்கிழமை பெண்கள் கும்மிப் பாட்டை எடுத்தபோது பாட்டு ஓட்டம் பிடித்தது. இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கியது. “இன்னாடி இது, நாய் தொரத்தறாப்பல!” என்று மாணிக்கம்மாள் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்சவல்லியும்தான் சிரித்தாள்.

இப்போது அடிப்பிடித்த களியைச் சுரண்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கூடவே அந்தக் கம்பியும் வந்தது. ‘மேல ஏறுனா வழிய சாத்திடும்’ என்று அவன் சொன்னானே. ஏற விடாமல் ஒரு கொழு கீழே பிடித்து இழுத்தால்?

துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மில்லில் எஞ்சின் ஆறிக் கிடந்தது. நேற்று திரும்பியிருந்த வடிவேலு புது பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்காதவள்போல நேரே பின்பக்கம் போய்க் கம்பியைத் தடவினாள். கையில் கரிதான் வந்தது.

“இன்னா தேடற?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த ‘ஒண்ணுமில்ல’ ஒரு கிலோ கனம் இருந்திச்சி. காலைல பாத்தேன். எடுத்து வெச்சிட்டேன்.”

அம்சவல்லிக்கு முகம் எரிந்தது. “நான்னு எப்டி தெரியும்?”

“கொழுவுல மூணு புள்ளி குத்திக்கீது. கொல்லர் உங்க வூட்டுக்குப் போடற அடையாளம். உங்க நைனா ராத்திரில வந்து எலுமிச்சம்பழம் கட்டுவாரா?” அவனுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டான். “இந்தாமே, நாளைக்கு யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. கவுண்டரு மொதல்லருந்தே மில்லு வேணாம்னவரு. அவரு வூட்டுக் கொழு எஞ்சின்ல இருந்திச்சின்னா ஊரு இன்னா பேசும்? அவரே ஆள வெச்சிக் கெடுத்தாருன்னு சொல்லுவாங்க. இல்லன்னா உன்னப் பத்திப் பேசுவாங்க.”

“அப்போ நீ இன்னா சொல்லப் போற?”

“தெரியலன்னு சொல்றேன்.”

“தெரியலன்னா எறக்கிடுவாங்க.”

“எறங்கறேன். போளூர்ல மில்லுக்கா பஞ்சம்?” என்று பெல்ட்டை இழுத்தான். சும்மா இருந்த பெல்ட்டை ஏன் அவ்வளவு பலமாக இழுத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று முழுக்க அவளுக்குக் கோபம். அவன்மேலா, தன்மேலா, அந்த எலுமிச்சம்பழத்தின் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஊரே மில் வாசலில் உட்கார்ந்துவிட்டது. தீர்த்தகிரி கல்மேல் உட்கார்ந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சடையா, நீ ஓட்டுனியே, இன்னா வித்தியாசம் கண்ட?”

“சாப்ட்டேங்க, காலைலயே ஆச்சி” என்றார் சடையன். கூட்டம் சிரித்தது.

“டிரைவரே, நீ சொல்லு. எஞ்சினுக்கு இன்னா ஆச்சி?”

“இப்ப சரியாகிடுச்சிங்க.”

“சரியானது கெடக்கட்டும். எதனால கெட்டுச்சி?”

வடிவேலு தரையைப் பார்த்தான். “தெரியலங்க.”

“தெரியாம எப்டி சரி பண்ண?” மாணிக்கம்மாள் அத்தை குறுக்கே புகுந்தாள். “வயித்து வலின்னு போனா, கால்ல கட்டு போட்டு அனுப்பற வைத்தியனா நீ?”

“காரணம் தெரியலன்னா நாளைக்கு மறுபடி கெடாதுன்னு இன்னா நிச்சயம்?” என்றார் தீர்த்தகிரி. “கேட்டுக்குங்க. அம்மன் பானைல வெளையாட முடியாது. எஞ்சின...”

“நைனா!”

சொன்ன பிறகுதான் அம்சவல்லிக்குத் தான் எழுந்து நிற்பது தெரிந்தது. ஊர் முழுக்கத் திரும்பியது. வடிவேலு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

“அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கறாரு. எஞ்சினக் கெடுத்தது நான்தான். நம்ம வூட்டுப் பழைய கொழுவக் கொண்ணாந்து அந்தக் கம்பில கட்டுனேன். குண்டு மேல ஏற முடியாம எஞ்சின் தலைதெறிக்க ஓடிச்சி. சாமை நொறுங்கிடுச்சி.”

தீர்த்தகிரியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு பழைய கொழு இத்தனை பெரிய எஞ்சினை என்ன செய்துவிடும் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“நம்பலன்னா பாருங்க” என்றாள் அவள். “அடுப்ப மூட்டுங்க. அத்த, நீ பாட்ட எடு.”

நீராவி ஏற ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் நகரவில்லை. எஞ்சின் புகைந்து, செருமி, ஓட ஆரம்பித்தது. குண்டுகள் கை விரித்துச் சுற்றின. பெண்கள் கும்மியை எடுத்தார்கள். பாட்டு தாளத்தில் சுகமாக உட்கார்ந்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி அம்சவல்லி கொழுவைக் கட்டினாள். மறுபடி ஓடியதும் பாட்டு தடுக்கியது. அத்தை விடாமல் துரத்திப் பார்த்து, இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். கொழுவை அவிழ்த்ததும் எஞ்சின் அடங்கியது. பாட்டும் தன் நடைக்கு வந்தது. காது மந்தமான சடையனுக்கே அத்தையின் மூச்சைப் பார்த்து விஷயம் விளங்கிவிட்டது.

“சரி, கட்டுன. எதுக்குக் கட்டுன?” என்றார் தீர்த்தகிரி. குரலில் இன்னும் கோபம் இருந்தது.

“கண்ணு பட்டுடும்னு.”

“எது மேல?” மாணிக்கம்மாள் அத்தைக்கு இருமல் சட்டென்று நின்றுவிட்டது. “எஞ்சின் மேலயா, ஓட்றவன் மேலயா?”

ஊரே காதைத் தீட்டிக்கொண்டது. இரண்டு மாப்பிள்ளைகளை ‘வேணாம்’ என்று ஒரே வார்த்தையில் அனுப்பிய அம்சவல்லிக்கு, இப்போது இரண்டு வார்த்தை தேவைப்பட்டது.

“ரெண்டு மேலயும்.”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. வடிவேலு கையிலிருந்த எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்து, நெற்றி முழுக்கக் கரியாக்கிக்கொண்டான். தீர்த்தகிரி மட்டும் சிரிக்கவில்லை. மகளென்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார் என்ற பேர் அவருக்குக் கூடாது.

“எஞ்சின் இருக்கட்டும்” என்றார் கடைசியில். “அது மேல தப்பு இல்ல. ஆனா அம்மன் பானைக்கு முழு அரிசி வேணும். தப்பு பண்ணவ உரல்ல குத்தணும், ஊர் முன்னால, இப்பவே. தெரிஞ்சும் மறைச்சவனுக்கும் அதே தண்டனை. அவனும் குத்தணும்.”

“ரெண்டு பேரும் ஒரே உரல்லயா?” என்று கேட்டாள் அத்தை, அப்பாவி மாதிரி.

“ஊருக்குப் பொதுவா இருக்கறது ஒரு உரல்தானே?”

“அதுவும் சரிதான். ஏன் கவுண்டரே, நீ தண்டனை குடுக்கறியா, கல்யாணம் பண்ணி வெக்கறியா?”

தீர்த்தகிரி அப்போதுதான் தன் தீர்ப்பைத் தானே கேட்டவர் போல விழித்தார். அதற்குள் சாமை உரலில் விழுந்துவிட்டது. உலக்கை இரண்டு வந்துவிட்டது. ஊர் முன்னால் சொன்னதை ஊர்க்கவுண்டர் மாற்ற முடியாது.

ஒற்றை உரலில் இரண்டு உலக்கை போடுவது வேடிக்கையல்ல. ஒன்று ஏறும்போது மற்றது இறங்க வேண்டும். ஆறு வருஷம் எஞ்சின் ஓட்டியவன் உலக்கையைப் பிடித்த பிடியைப் பார்த்தே பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதல் நான்கு குத்தில் மூன்று தடவை உலக்கைகள் முட்டிக்கொண்டன.

“ஓடாத. எனக்கு எடம் வுட்டுட்டுப் போடு” என்றாள் அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு.

“எவ்ளோ எடம்?”

“என் கையப் பாரு, தெரியும்.”

அவன் பார்த்தான். வளையல் ஏறி இறங்குவதைப் பார்த்துக் குத்த ஆரம்பித்ததும் தாளம் பிடிபட்டது. அத்தை மெல்லப் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். உமி பறந்தது. அடியில் முழுசு முழுசாகச் சாமை அரிசி வெளுத்து வந்தது.

தீர்த்தகிரி பக்கத்தில் வந்து குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். உடைந்தது ஒன்றும் இல்லை. உள்ளங்கையிலிருந்ததை உரலிலேயே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“டிரைவரே, உங்கப்பன் வர்ற ஞாயித்துக்கெழமை வூட்ல இருப்பாரா?”

வடிவேலுவின் உலக்கை உரலின் விளிம்பில் இடித்தது. சாமை நாலாபக்கமும் சிதறியது.