மணி இல்லாத ஆடு

எனக்கு வாய் நீளம். ஊரார் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நானே ஒத்துக்கொள்கிறேன். ஸ்டேஷன் குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் மற்றவர்கள் தாமாகவே வழி விடுவார்கள். அப்பேர்ப்பட்ட வாயை ஒரு மாதம் மூடி வைத்திருந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், மாசி மாதக் கடைசியில், என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கத்துக்குப் பெரியம்மை போட்டபோது.

அவருக்குத் திருத்தணி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. வருகிற ரயிலுக்குத் தண்டவாளத்தைத் திருப்பி விட வேண்டும், ராத்திரியில் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்ட வேண்டும். கண் இருந்தால்தான் அந்தச் சோறு. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அம்மை வந்ததற்கு நான்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன். தை மாதம் அம்மை குத்துகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தார். எனக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து முகமெல்லாம் பள்ளம், அதனால் என்னை விட்டுவிட்டார். "உங்க ஊட்டுக்காரர் எங்கேம்மா?" என்று கேட்டார். அவர் நைட் டூட்டி முடிந்து உள்ளே படுத்திருந்தார். தைக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்து நாள்தான். காவடி எடுப்பதாக வேண்டுதல். குத்திக்கொண்டால் கை வீங்கும், காய்ச்சல் வரும், காவடியை எந்தத் தோளில் வைப்பது? "அரக்கோணம் டூட்டிக்குப் போயிருக்காருங்க" என்று கூசாமல் புளுகினேன். கிருத்திகையன்று காவடி ஜோராக மலை ஏறியது. ஒரு மாதம் கழித்து அவருக்கு முத்து போட்டது.

வாசலில் வேப்பிலை கட்டினேன். அந்த வேப்பிலையைப் பார்த்ததும் ஊர் ஒதுங்கிக்கொண்டது. யாரையும் குறை சொல்லக் கூடாது, நானாக இருந்தாலும் ஒதுங்கித்தான் இருப்பேன். அம்மை கண்ட வீட்டில் யாரையும் வா என்று சொல்லக் கூடாது, போய் வா என்றும் சொல்லக் கூடாது. தலை சீவக் கூடாது. வாணலியில் எண்ணெய் காயக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் போடக் கூடாது, ஒருத்தரையும் ஏசக் கூடாது. வீட்டில் ஆத்தா இருக்கிறாள், யாரைத் திட்டினாலும் அவளைத் திட்டியது போல. என்னைப் பிடித்து இப்படி உட்கார வைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு முன்பே, ஆள் வருகிறதற்குள் குழாயடிக்கு ஓடி இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன். அதற்கப்புறம் நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டிருப்பேன். கூழ் கரைத்துக் கொடுப்பேன். மோர் கொடுப்பேன், உப்பில்லாமல். மலைக்கோயில் மணிச் சத்தம் காற்றடிக்கிற பக்கத்தைப் பொறுத்துக் கேட்கும், சில நாள் கேட்காது. பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும். கடுகு பொரிகிற சத்தத்துக்குப் போய் அழுவாளா ஒருத்தி என்று கேட்டால், ஆமாம், அழுதேன். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆடு வர ஆரம்பித்தது.

அடுத்த காம்பவுண்டு ரம்ஜான் பீயின் ஆடு அது. அவள் புருஷன் ஹனீஃபா ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறான். கார்த்திகை மாதம் அந்தக் கறுப்பு ஆடு என் அவரைக்கொடியை வேரோடு தின்றுவிட்டது. நான் ரம்ஜானை மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன், அவளும் சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த ஆட்டின் கழுத்தில் ஒரு வெண்கல மணி உண்டு. முன்பெல்லாம் அது தெரு முனையில் வரும்போதே நான் விறகுக் கட்டையோடு எழுந்துவிடுவேன். இப்போது பார்த்தால் மணி இல்லை. சத்தமே இல்லாமல் வந்து, வாசலில் கட்டிய வேப்பிலையைப் பின்னங்காலில் நின்று இழுத்துத் தின்கிறது. திருட்டுக்கு வசதியாக மணியைக் கழற்றிவிட்டிருக்கிறாள் பாவி என்று எனக்கு வயிறு எரிந்தது. எவர் வீட்டில் இழவு விழுந்தாலும் இவளுக்கு ஆடு கொழுக்க வேண்டும்.

திட்ட முடியாதே! வீட்டு வாசலுக்கு எது வந்தாலும் ஆத்தாதான். கையைக் கூப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "தாயே, போங்க. போதும், போங்க தாயே" என்பேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு வாய் கடிக்கும். தினம் இரண்டு தடவை வேப்பிலை கட்டினேன்.

ஹனீஃபா ஜட்காவின் சத்தமும் நின்றுபோயிருந்தது. சாட்டைக் காம்பைச் சக்கரத்தில் கொடுத்துக் கடகடவென்று ஓட்டுவது அவன் வழக்கம். எங்கள் வாசலுக்குப் பயந்து அவனும் வேறு வழியில் போகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு வாய்ச் சண்டைக்குக்கூட நாதியில்லாமல் போய்விட்டோமே என்று நினைத்தேன்.

அவருக்குக் கண் இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. இமையின் மேலேயே முத்து. ரயில் சத்தத்தை வைத்துத்தான் அவருக்குப் பொழுது தெரியும். "இது பாசஞ்சரு. இன்னிக்கு லேட்டு" என்பார். "இது பட்டாளத்து ஸ்பெஷலு, இஞ்சின் ரெண்டு" என்பார். கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

முதல் தண்ணீர் விட மாரியம்மன் கோயிலிலிருந்து எல்லம்மாள் வந்தாள். இந்தப் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டுக்கெல்லாம் அவள்தான் வருவாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அவர் தலைக்கு ஊற்றினாள். வெளியே போகும்போது அவள் காதோரம், "கண்ணு வந்துடுமா?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லம்மாள் என் வாயைப் பொத்தினாள். "கண்ணப் பத்திக் கேக்காதம்மா. அவரையும் கேக்காத. அவளா குடுத்தா வாங்கிக்கணும். தெரியுதா தெரியுதான்னு சோதிச்சா கோச்சிக்குவா."

அதனால் அந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே இருந்தேன். தினமும் பஞ்சை நனைத்து இமையைத் துடைப்பேன். நாலாம் நாள் இடது இமை பிரிந்தது. உள்ளே கருவிழி மேல் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். வலது கண் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். சன்னல் வழியாக வெயில் அவர் மார் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்தவர், "கௌரி, வெளக்கு ஏத்தலியா?" என்று கேட்டார்.

என்ன சொல்வேன்? "இதோ ஏத்துறேங்க" என்றேன். மண்ணெண்ணெய் பங்கீட்டில் அரை புட்டிதான் கிடைக்கும். அதில் கொஞ்சம் ஊற்றி, கொளுத்தும் வெயிலில் சிம்னி விளக்கை ஏற்றி அவர் தலைமாட்டில் வைத்தேன். அவர் அந்தச் சூடு பட்ட பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆங்" என்றார். தூரத்தில் ரயில் வந்தது. அது பகல் பன்னிரண்டரைப் பாசஞ்சர் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டேன். அன்றைக்கு மாதிரித் தனியாக எந்த நாளும் நான் இருந்ததில்லை. என் பக்கத்திலேயே அவர் படுத்திருந்தார், ஆனாலும் தனியாகத்தான் இருந்தேன்.

இரண்டாம் தண்ணீர் விட்டாயிற்று. மறுநாள் காலை அவரை வாசல் பார்க்கப் பாயில் சாய்த்து வைத்துவிட்டு, கொல்லையில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"கௌரி, ஆடு வேப்பலைய இழுக்குது பாரு."

"வந்துட்டா மகராசி" என்று முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் கையோடு வந்தேன். ஆடு இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது. கையைக் கூப்பி, "போங்க தாயே" என்றேன். திரும்பிக் கொல்லைக்குப் போய் அம்மியின் முன் உட்கார்ந்து குழவியில் கை வைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. ஆட்டுக்கு மணி இல்லையே.

எழுந்து ஓடிவந்தேன். கேட்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இருந்தால் என் உயிர் போய்விடும். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்பது போல, "ஆடு போயிட்டுதாங்க?" என்றேன்.

"எங்க போச்சு? உன் பின்னாலதான் நின்னுகினு இருக்குது. வாயில இன்னும் ஒரு கொத்து தொங்குது."

திரும்பிப் பார்த்தேன். ஒரு கொத்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவருடைய வலது கண் கீற்றாகத் திறந்து, சிவந்து, நீர் வடிய அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அந்த ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் மஞ்சளெல்லாம் அதன் மேல். கட்டியிருந்த மிச்ச வேப்பிலையையும் அவிழ்த்து அதன் வாயில் கொடுத்தேன். அதுவும் வாங்கித் தின்றது.

அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நான்தாங்க பாவி. அம்மை குத்தறவர் வந்தப்ப நீங்க அரக்கோணம் போயிருக்கறதா நான்தான் பொய் சொன்னேன்."

அவர் கண்ணோர நீரைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "தெரியும்" என்றார். "நான் எங்க தூங்கினேன்? எல்லாத்தையும் கேட்டுகினுதான் படுத்திருந்தேன். நல்லவேளை, நம்ம கௌரி காப்பாத்துனான்னு போர்வைய இழுத்து மூடிக்கினேன். எனக்கு அந்தக் கத்தின்னா பயம்." அப்புறம் என் முகத்தை அந்த ஒற்றைக் கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தினி வருசமா உன் மூஞ்சியப் பணியாரக் கல்லுன்னு கேலி பண்ணினேன். இப்ப என் மூஞ்சியும் அதே கல்லு. ஜோடி சேந்துபோச்சு."

மூன்றாம் தண்ணீர் விட்ட அன்று ஆத்தாவுக்குக் கூழ் படைத்து அனுப்பிவைத்தோம். எல்லம்மாள் போன பிறகு முதல் வேலையாக அடுப்பில் கரண்டியை வைத்து எண்ணெய் விட்டுக் கடுகு போட்டேன். குழம்புக்கென்று இல்லை, சத்தத்துக்குத்தான். அது பொரிந்து முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். பிறகு தலை சீவிக்கொண்டேன். சிக்கு எடுக்கவே அரை நாள் ஆயிற்று. இப்படித் திரும்பக் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றலாம் போலிருந்தது.

சாயங்காலம் காம்பவுண்டுச் சுவரோரம் போனேன். ரம்ஜான் பீ அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சமாதானமாகப் பேசிப் பழக்கமில்லை. அதனால், "ஏ ரம்ஜான், உன் ஆட்டு மணி எங்க?" என்று அதட்டினேன்.

"நான்தான் அவுத்து வச்சேன் அக்கா" என்றாள். "உங்க ஊட்டுக்காரரு கொஞ்சம் கண்ணு அசர வேணாவா? இது ராவும் பகலும் கணகணன்னு ஆட்டிகினே இருக்கும்."

"அப்பன்னா கட்டிப் போட வேண்டியதுதான?"

"கட்டிப் போட்டா தொண்ட கிழியக் கத்துது. அதுக்கு மணியே தேவலை. அதான் அவுத்து உட்டுட்டேன். வேப்பலையத் துண்ணுட்டுதா? தினம் பாத்துகினுதான் இருந்தேன். வந்து இட்டுகினு போலாம்னா அந்த வாசலாண்ட வரக் கூடாதே." ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரும் உங்க ஊடு தாண்ற வரிக்கும் ஜட்காவ உட்டு எறங்கி, குதிரையக் கையில புட்சிகினுதான் நடந்தாரு."

எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. என் வாழ்நாளில் அது நடந்தது அந்த ஒரு தடவைதான். ஒரு மாதமாக எங்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நான் உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்த ஒரு மாதமும் சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வீடே எங்களுக்காகச் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. அதை நான் திருட்டு என்று நினைத்தேன்.

"மணியைக் கட்டு" என்றேன். "இன்னிக்கே கட்டு. சத்தமே இல்லாம எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

பூ விழுந்த ஒரு கண்ணோடு பாயிண்ட்ஸ் வேலை திரும்பக் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. ரயில்வே டாக்டர் பரீட்சை வைக்க வேண்டும். குழாயடிக்கு நான் போனால் இப்போதும் வழி விடுகிறார்கள், அம்மை வீட்டுக்காரி என்று. அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்.

மறுநாள் காலை தெரு முனையில் மணிச் சத்தம் கேட்டது. நேரே என் வாசலுக்குத்தான் வந்தது. புதிதாக ஊன்றிய அவரைக் கன்றுக்கு இரண்டே இலை விட்டிருந்தது, அதில் ஒன்றைக் கடித்தாயிற்று. நான் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, ஒரு மாதப் பாக்கி அத்தனையையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தேன். ஆட்டைத் திட்டினேன், ஆட்டுக்காரியைத் திட்டினேன், ஜட்காவையும் குதிரையையும் விடவில்லை. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கதவு திறந்தது. சுவருக்கு மேல் ரம்ஜானின் தலை தெரிந்தது. அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதிலுக்குக் கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவர், "கௌரி, வலது பக்கம் ஓடுது, வலது பக்கம்!" என்று எனக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்.