சூடு ஆறாத மூட்டை

செவ்வாய்க்கிழமை அரசாங்கம் கவிழ்ந்தது, மறுநாள் பங்குச் சந்தை சரிந்தது. அதற்கு மறுநாள் என் அத்தான் வந்து சேர்ந்தார். முதல் இரண்டையும் தாங்கிக்கொண்டேன்.

அக்காவின் கணவர். கையிலிருந்ததையெல்லாம் டாலராக மாற்றியதிலிருந்து வீட்டில் அவருக்கு டாலர் அத்தான் என்று பெயர். நான் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் ஸ்டோர் கீப்பர். வரும் சிமென்ட் மூட்டைகளைச் சரிபார்த்து இறக்குவது என் பொறுப்பு. பதினோரு வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அந்த மூட்டைகளை அனுப்பும் கம்பெனியின் பங்குகளையே வாங்கி வருகிறேன். நான் இருப்பதோ மழை வந்தால் நாலு இடத்தில் வாளி வைக்கிற வாடகை வீடு. அந்தப் பங்குகள்தான் நான் கட்டப்போகும் வீடு.

"பாதியா இறங்கிடுச்சு. மிச்சத்தையாவது காப்பாத்து, வித்துடு," என்றார், என் ஸ்டோரின் தகரக் கொட்டகை வாசலில் நின்றபடி.

"மாட்டேன்."

"ஃபேக்டரியே மூடியாச்சாம். மெஷின் நின்னு மூணு நாளாச்சாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

இந்த 'எல்லாரும்' என்கிற ஆளை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும், பொய் சொல்வானேன், போனை எடுத்து விற்கும் பட்டன் வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது அந்தக் கம்பெனியின் சிமென்ட் லாரி வந்தது. வழியெல்லாம் போலீஸ் சோதனை என்று டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினார். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்பதால், தொட்டுப் பார்க்காமல் நான் எந்த லோடையும் இறக்க விடுவதில்லை. புதிதாக அரைத்த சிமென்ட் ஓரிரு நாளுக்குச் சூடாகவே இருக்கும். மேல் வரிசையைத் தள்ளச் சொல்லி நடு மூட்டைகளுக்கு இடையே கையை விட்டேன். சுட்டது.

"இங்க வாங்க அத்தான். கையை வைங்க."

வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வெயில்ல வந்திருக்கும்."

"நடு மூட்டைக்கு எங்கேருந்து வெயில் வந்துச்சு?"

"சரி, ஃபேக்டரி ஓடுது. நாடு ஓடணுமே? நாளைக்கு யார் வந்து உக்காருவாங்கன்னே தெரியல. உன் பங்கு காத்துல போச்சுன்னா?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

"போனா போகட்டும். யார் வந்து உக்காந்தாலும் அவங்க தலைக்கு மேலயும் கூரை வேணும்ல? உங்க டாலரை நீங்க எண்ணிப் பார்த்தீங்க. இதை நான் தினம் தொட்டுப் பார்க்கிறேன். விழுந்தா நானா விழறேன், பயமுறுத்தித் தள்ளிவிட யாரையும் விடமாட்டேன்."

ஒழுகும் என் வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் வாங்க வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. அத்தான் பார்க்கப் பார்க்க, வாங்கும் பட்டனை அழுத்தினேன். விலை அதற்குள் இன்னும் இறங்கியிருந்ததால் நாலு பங்கு கூடுதலாகவே கிடைத்தது.

"பைத்தியமா உனக்கு? மழைக்கு என்ன பண்ணுவ?"

"வாளி இருக்கு," என்றேன்.