மணிக்கட்டில் கட்டிய கயிறு

யுவராணி வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று பள்ளியிலிருந்து மறுபடியும் போன் வந்ததும், மகளின் செல்போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள் மாரிச்செல்வி. அப்படியும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ராத்திரியில் கண் மூடவில்லை. காத்து கருப்பாகத்தான் இருக்கும் என்று முதுகுளத்தூரில் பஸ் மாறி, முனியசாமி கோயிலுக்கு இழுத்து வந்தாள்.

பூசாரி வேப்பிலையால் தடவிவிட்டு, மந்திரித்த கறுப்புக் கயிற்றை யுவராணியின் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். அதுவரை கல்லாக நின்றவள் கையை உதறி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஏய், சாமி கயிறுடி! நல்லா தூக்கம் வரும்."

"அன்னைக்கும் இப்படித்தானம்மா கட்டுன."

மாரிச்செல்வி அந்தக் கயிற்றையே பார்த்தாள். மிளகாய்க் காட்டின் கருவேல மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, தம்பி அசைந்தால் தெரியட்டும் என்று அதன் கயிற்றை ஆறு வயது மகளின் கையில் முடிந்துவிட்டு மிளகாய்ப் பழம் பறிக்கப் போனவள் இவள்தான். கயிறு அசைந்தது, வெயிலில் அயர்ந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. தொட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்துபோன தம்பியைப் பண்ணைக்குட்டையிலிருந்து உயிரில்லாமல் தூக்கினார்கள். "தூங்கிட்டியேடி பாவி!" என்று ஊர் பார்க்க மகளைப் போட்டு அடித்தவளும் இவள்தான்.

யுவராணி கையை நீட்டினாள்.

"அவுத்துவிடும்மா. அன்னையிலருந்து நான் முழிச்சுத்தான இருக்கேன்."