ஐந்தடி ஓல்வென்

மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ரியானன் மாடிப்படிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, பாம்பிருந்த கண்ணாடிப் பெட்டியின் கதவை நகர்த்தினாள். பிறகு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல காலில் பாரத்தைப் போட்டபடி அவளுக்குப் பின்னால் நின்றிருந்த ஹவெலுக்கு அந்தப் பார்வையின் பொருள் உடனே தெரிந்துவிட்டது. அவளும் அவன் மனைவி நெஸ்டாவும் வேனிலிருந்து தூக்கிவந்த மரப்பெட்டி நடைவழியில் சுவரையொட்டிக் கிடந்தது. பாம்பு எவ்வளவு நீளமோ பெட்டியும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது ரியானனின் கட்சி. அதனால் அது ஐந்தடிப் பெட்டி. தொலைபேசியில் அவளிடம் ஐந்தடி என்று சொன்னது ஹவெல்தான்.

"ஹவெல், இதுவா அஞ்சடி?"

"சுருண்டு கெடந்தா பெருசாத்தான் தெரியும்," என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம் அவனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. எழுந்து நடமாடும்வரை அவனுடைய பாம்பு ஓல்வெனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக ரியானன் முன்வந்திருந்தாள். அவள்தான் ஊர்ப் பாம்பு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். சங்கம் கூடுவது மதுக்கடையின் மாடியறையில். அங்கே வருகிறவர்கள் தூண்டில்காரர்களைவிட மோசம். கையை அகல விரித்து "பத்தடி", "பன்னெண்டடி" என்று அளப்பார்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரை ஹவெல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் மெதுவாகக் கேட்பான்: "பாம்ப அளந்தியா, அது உரிச்சுப் போட்ட சட்டைய அளந்தியா?" அறையே சிரிக்கும். சட்டை உரியும்போது இழுபட்டு நீண்டுவிடும் என்பதும், அதில் ஒரு பங்கைக் கழித்தால்தான் பாம்பின் உண்மையான நீளம் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். அளக்கும்போது மட்டும் மறந்துவிடுவார்கள். மறக்காதவன் அவன் ஒருவன்தான். அவனுக்குப் பெயரே கழித்தல் ஹவெல். சங்கத்தில் யாருக்காவது நிஜமான அளவு வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

பென்சில் நீளத்தில் ஓல்வென் வீட்டுக்கு வந்த நாளில் நெஸ்டா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஆறடி ஆச்சுன்னா அது வெளிய போயிடணும். இந்த வீட்ல நமக்கே கால் நீட்ட எடமில்ல." சரி என்று தலையாட்டினான். படிக்கட்டின் அடியில் இருந்த இடுக்கில் நாலடிக் கண்ணாடிப் பெட்டிதான் பொருந்தியது. நெஸ்டா பேக்கரிக்கு வேலைக்குப் போன பிறகு சட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து அளப்பான். முதலில் நியாயமாக ஐந்தில் ஒரு பங்கு கழித்தான். அப்புறம் நாலில் ஒன்று. சட்டை வளர வளரக் கழிவும் வளர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "இன்னும் அஞ்சடிதான்" என்று உருளைக்கிழங்கைப் பார்த்துச் சொல்வான். ஒரு கட்டத்தில் அளப்பதையே விட்டுவிட்டான். ரியானனிடம் தொலைபேசியில் பேசியபோதும் நெஸ்டா பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அதனால் வாயில் அந்தப் பழைய ஐந்துதான் வந்தது.

"வெளிய விட்டுப் பாப்போம்," என்று ரியானன் கையைத் துடைத்துக்கொண்டாள். "சுவரோரமா விட்டா தானா நீண்டுரும்."

"இப்ப வேணாமே. நேத்துதான் எரை எடுத்தா. வயித்தக் கலக்கிடும்."

"நேத்தா?" சமையலறையிலிருந்து நெஸ்டாவின் குரல் வந்தது. "நேத்துப் போட வேண்டிய எலி இன்னும் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல ஒறஞ்சு கெடக்கு. இன்னைக்குச் சூப்புல அதத்தான் போடலாம்னு இருக்கேன்."

ரியானன் சிரிக்கவில்லை. ஓல்வெனின் நடுவுடலைத் தாங்கி மெல்ல வெளியே எடுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஹவெலும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. தலையை வெளிச்சத்துக்குத் திருப்பியபோது மூக்கு நுனியில் செதில்கள் தேய்ந்து வெளுத்திருந்தன. கண்ணாடியில் முட்டி முட்டித் தேய்ந்த இடம். பிறவியிலேயே அப்படித்தான் என்று அவன் பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ரியானன் அந்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நெஸ்டா ஈரக்கையோடு வந்து நடைவழியின் சூடேற்றியைத் திருகிவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஓல்வென் தரையில் கொஞ்சநேரம் மூட்டையாகவே கிடந்தாள். பிறகு தலை சுவரைத் தேடியது. மரப்பெட்டி குறுக்கே இருந்ததால் அதன் ஓரமாகவே நகர ஆரம்பித்தாள். ஒரு வளைவு அவிழ்ந்தது, அதன்பின் இன்னொன்று. அத்தனை வருடத்தில் அவளை அவன் நேராகப் பார்த்ததே இல்லை. மடிப்பு மடிப்பாகத்தான் பார்த்திருக்கிறான். அதுதான் அவள் வடிவம் என்று நினைத்திருந்தான்.

"அந்தச் சட்டையெல்லாம் குப்பைக்கு யாரு கொண்டுபோறதுன்னு நெனச்ச?" நெஸ்டா பாம்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

ஹவெலுக்குக் காது சுட்டது. "தெரியுமா உனக்கு?"

"நான் கண்ணு தெரியாதவளா?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீயா வந்து பெரிய பெட்டிக்கு எடம் கேப்பேன்னு இருந்தேன். கேட்டிருந்தா முன்னறை சோபாவ எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேன். அதுல யாரு உக்கார்றா? உங்க அக்கா வருசத்துக்கு ஒருவாட்டி வந்து முதுகு வலிக்குதும்பா." ஈரக்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். "நானும்தான் வாய மூடிட்டு இருந்தேன். பாவம், அதுக்கு என்ன தெரியும்?"

அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. ரியானனையும் பார்க்க முடியவில்லை. பார்ப்பதற்குப் பாம்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஓல்வெனின் தலை பெட்டியின் அந்தக் கோடியைத் தாண்டிவிட்டது.

"நீங்களே சொல்லுங்க, ஹவெல்," என்றாள் ரியானன். சங்கத்தில் கேட்பதுபோல இல்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள். "எவ்ளோ இருக்கும்?"

வலிக்கிற முழங்காலையே ஊன்றி அவன் தரையில் மண்டியிட்டான். வாசற்கதவின் அடியிலிருந்து வந்த மழைக்காற்றை நாக்கால் தொட்டுப் பார்த்தபடி ஓல்வென் அசையாமல் கிடந்தாள். கடைசி வளைவும் அவிழ்ந்திருந்தது. அங்கே பெட்டியைத் தாண்டித் தலை. இங்கே பெட்டி தொடங்குவதற்கு வெகு முன்னால், இன்னும் படிக்கட்டு நிழலில், வால். மிஞ்சிக்கிடந்த அந்த உடம்பின் பக்கத்தில் தரைமீது உள்ளங்கையை விரித்து வைத்தான். பிறகு அதையடுத்து இன்னொரு கையையும் வைத்தான். அதற்கப்புறமும் வால் இருந்தது.