சீகிரியா வேனுக்குக் கட்டிய வயர்

மாத்தளையில், திருகோணமலை வீதியில், இத்ரூஸுக்கு ஒரு மின்சாமான் கடை இருந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த காலம். கழற்றிய சுவிட்சையே துடைத்து மறுபடி விற்றார்கள். நல்ல வயர் வேண்டுமென்றால் கொழும்பில் யாரையாவது பிடிக்க வேண்டும். அப்படியான நாட்களில்தான் ஒரு காலை கடை வாசலில் அந்த வேன் வந்து நின்றது. சாமான் ஏற்றுகிற வேன் இல்லை அது. ஒரு வீட்டைத் தூக்கிச் சக்கரத்தில் வைத்த மாதிரி. உள்ளே கட்டில், சமையல் மேடை, சின்ன ஐஸ்பெட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தெருவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அதில் வந்தவர்கள் ஜெர்மன்காரர்கள். வால்டர் என்று ஒருவன், அவன் மனைவி ஹன்னா. தங்கள் ஊரிலிருந்து தரைவழியாகவே ஓட்டிவந்து, இராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியிருந்தார்கள். ஹன்னா படம் கீறுகிறவள். சீகிரியாப் பாறையடியில் சில மாதம் இருந்து கீற வேண்டும் என்று வந்தவள். அங்கே ஒரு விடுதிக்காரர் தன் தோட்டத்தில் வேனை நிறுத்த இடம் கொடுத்திருந்தார். விடுதியிலிருந்து வேனுக்குக் கரண்ட் இழுக்க வேண்டும். கொண்டுவந்த வயரை வழியில் எலி கடித்துக் குதறிவிட்டது. வேனில் செருகுகிற முனை மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வால்டர் கையில் வைத்திருந்தான்.

இத்ரூஸுக்குத் தெரிந்தது கடைத்தெரு இங்கிலீஷ். அதிலேயே பேச்சு நடந்தது.

"விடுதிக்கும் வேனுக்கும் எவ்வளவு தூரம்?"

"தோட்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை."

"வேனில் என்னென்ன ஓடும்?"

"ஐஸ்பெட்டி, லைட், தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தல்."

இத்ரூஸ் மேசையில் மூன்று வயரை எடுத்து வைத்தார். முதலாவது, மேசை விளக்குக்குப் போடுகிற முறுக்கு வயர். அதைக் காட்டிவிட்டு உடனே ஒதுக்கினார். கேத்தலைப் போட்டால் இது அடுப்பு மாதிரிச் சுடும் என்றார். இரண்டாவது கொஞ்சம் தடிப்பு, ஆனால் உள்ளே இரண்டே கம்பி. மூன்றாவது கறுப்பு ரப்பர் வயர். சாமான் தாராளமாக வந்த காலத்தில் வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த கடைசிச் சுருள். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கம்பி.

வால்டர் ஒரு சின்ன இரண்டு கால் பிளக்கை எடுத்து, இதையும் இரண்டு கம்பி வயரையும் போட்டால் போதாதா என்று கேட்டான்.

"போதாது. உங்க வேன் முழுக்கத் தகரம். உள்ளே எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தகரம் முழுக்க ஏறிவிடும். இந்தப் பச்சைக் கம்பி இருந்தால் மண்ணுக்கு இறங்கிவிடும், பியூஸ் போகும். இல்லாவிட்டால் கதவைத் தொடுகிற ஆளுக்குள்ளால் இறங்கும்."

வால்டர் கொண்டுவந்த முனையில் மூன்றாவது கால் இல்லை. அதற்குப் பதில் ஓரத்தில் இரண்டு பித்தளை நாக்கு இருந்தது. பச்சைக் கம்பி அங்கேதான் சேர வேண்டும் என்று இத்ரூஸ் தானாகவே கண்டுபிடித்தார். விடுதிப் பக்கத்துக்கு நம் ஊர்ப் பெரிய மூன்று கால் பிளக். நடுவில் ஒட்டு எதுவும் இல்லாமல், ஒரே நீளமாக. மழையில் கிடக்கிற வயருக்கு ஒட்டு ஆகாது. அன்று பின்னேரமே இரண்டு முனையையும் பூட்டி, பல்ப் போட்டுப் பார்த்து, சுருட்டிச் சாக்கில் போட்டுவைத்தார். அந்தச் சுருளை விட்டுக்கொடுத்ததில் அவருக்கு மனக்குறை இல்லை. இவ்வளவு காலம் வைத்திருந்தது சரியான இடத்துக்குப் போகிறது என்று மனைவி சுபைதாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் அவர் உக்குவளையில் ஒரு கல்யாண வீட்டுக்கு லைட் கட்டப் போக வேண்டியிருந்தது. கடையை ஜைனுதீனிடம் விட்டுவிட்டுப் போனார். ஜைனுதீன் அவருடைய மச்சான், சுபைதாவின் ஒரே தம்பி. மாமனார் மௌத்தாகி அடக்கமானதிலிருந்து கடையிலேயே வளர்ந்தவன். வாயில் சீனி வைத்துப் பேசுவான். வாங்க வராதவன்கூட ஏதாவது வாங்கிக்கொண்டு போவான். பல்லேபொலயில் புஹாரி ஹாஜியாரின் மகள் கைறுன்னிஸாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மிளகுத் தோட்டமும் வயலும் உள்ள நல்ல குடும்பம். அந்தச் சம்பந்தத்துக்காக சுபைதா நடந்த நடை கொஞ்சம் இல்லை.

வேன்காரர்கள் காலையில் வந்து சாக்கை வாங்கிக்கொண்டு போனதாக ஜைனுதீன் சொன்னான். இத்ரூஸ் அதோடு அதை மறந்துவிட்டார்.

பிறகு மழை பிடித்தது. நல்ல மழை. அது கொஞ்சம் விட்ட ஒரு நாளில், ஜீப்பில் ஒரு இன்ஸ்பெக்டரும் வால்டரும் கடைக்கு வந்தார்கள். வால்டர் ஒரு வயர்க் கட்டை மேசையில் போட்டான். முறுக்கு வயர். பச்சைக் கம்பி இல்லை, நடுவில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தது. டேப் உருகிக் கருகிப்போயிருந்தது. இரண்டு முனையிலும் இத்ரூஸ் தன் கையால் பூட்டிய அதே பிளக்குகள்.

காலையில் ஹன்னா வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று வேன் கதவைத் திறந்திருக்கிறாள். கைப்பிடி அவளை விடவில்லை. வால்டர் ஓடிப்போய் விடுதியில் மெயினை அணைத்த பிறகுதான் விழுந்தாளாம். உயிர் இருந்தது. உள்ளங்கை வெந்துபோயிருந்தது. படம் கீறுகிற கை. மாத்தளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள்.

"இது நான் கட்டினதில்ல சேர்," என்றார் இத்ரூஸ் இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில். "நான் கொடுத்தது தடிச்ச கறுப்பு வயர். இவருக்கே தெரியும்."

வால்டர் தலையை ஆட்டினான். "தெரியும். அன்று நீங்கள் காட்டியது அதுதான். ஆனால் உங்கள் ஆள் இதைத் தந்தான். ஏன் மெல்லிசாக இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் யோசித்துப் பார்த்து, இதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னான். நீங்கள் சொன்னதாகச் சொன்னபடியால்தான் வாங்கிக்கொண்டு போனேன்."

இத்ரூஸ் திரும்பி ஜைனுதீனைப் பார்த்தார். அவன் கண் இமைக்கவில்லை.

"மச்சான் கட்டி வச்சத நான் எடுத்துக் குடுத்தேன். வேற என்ன எனக்குத் தெரியும்? காலம போற அவசரத்துல மாத்திக் கட்டினீங்களே, மறந்துட்டீங்களா?"

சொன்ன குரலில் ஒரு பரிவுகூட இருந்தது, வயதான ஆளுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் எடுத்து, ஊரை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். சுபைதா சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். கரண்ட் அடித்த சேதி வீடு வரை வந்திருந்தது; முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். இத்ரூஸ் சொன்னார். ஸ்டேஷனில் நடந்ததையும் சொன்னார். எப்படி இப்படி ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"கல்யாணம் முடியும் மட்டும் பொறுங்களேன். அவன் சின்னப் பொடியன். ஏதோ தெரியாத்தனமா செஞ்சிட்டான்."

இத்ரூஸ் கையை எடுத்துவிட்டார்.

"நான் யார் பேரையும் சொல்லல்லயே, சுபைதா."

அவள் தலை நிமிரவில்லை.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீங்க உக்குவளைக்குப் போன அன்னைக்கு. ஹாஜியார் கெணத்துக்கு மோட்டர் போட நல்ல வயர் தேடிக்கிட்டு இருந்தார். நம்ம கடையில இருக்குன்னு இவன் வாய் விட்டுட்டான். இல்லன்னு திரும்பிச் சொல்ல வெக்கப்பட்டான். எங்கிட்ட வந்து கேட்டான். வெள்ளக்காரங்களுக்கு எதக் குடுத்தா என்ன, கொஞ்ச நாள்ல போயிருவாங்கன்னு நானும்..."

இத்ரூஸ் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். கடையில் ஜைனுதீன் செய்தது அவருக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. இது வேறு மாதிரி இருந்தது. மழை பெய்த நாட்களில் எல்லாம் பக்கத்தில் படுத்திருந்து, ஓட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறாள். அவர் அந்த வயரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோதும் கேட்டுக்கொண்டிருந்தவள்தானே.

அன்று பின்னேரமே பல்லேபொல பஸ்ஸில் ஏறினார். புஹாரி ஹாஜியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மோட்டரைக் காட்டினார். கறுப்பு ரப்பர் வயர் சுவரோரமாக, நேராக, அழகாக ஓடியிருந்தது.

"மாப்பிள கொண்டாந்து தந்தார். இந்தக் காலத்துல இப்படிச் சாமான் எங்க கெடைக்குது? பொறுப்பான புள்ள."

இத்ரூஸ் குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். கல்யாணம் நடந்திருக்கும், வீட்டில் அமைதி இருந்திருக்கும், மாத்தளையில் அவர் பெயர் மட்டும் போயிருக்கும். அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் துணி சுற்றிக் கிடக்கிறவள், இத்ரூஸ் என்கிற ஆள் சொன்னதாக நினைத்துத்தானே அந்தக் கதவைத் தொட்டாள்.

"ஹாஜியார், இந்த வயர் எங்கிருந்து வந்ததுன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்க என்ன வேணுமானாலும் சொல்லுங்க."

ஹாஜியார் முழுவதையும் நின்றபடியே கேட்டார். கேட்டுவிட்டு மெயினை அணைத்தார். தானே குனிந்து மோட்டரில் இருந்த வயரைக் கழற்றத் தொடங்கினார்.

"அந்தப் பொம்பள பொழச்சிட்டாவா?"

"பொழச்சிட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று ஹாஜியார் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்தப் பொம்பள கைய வேக வச்சிட்டுத்தான் எங்க வீட்டுல தண்ணி வந்திருக்கு," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மறுநாள் இருவருமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஜைனுதீனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஹாஜியாரைக் கண்டதும் அவன் அழுது எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். வால்டர், வழக்கு வேண்டாம், யார் செய்தது என்று தெரிந்தால் போதும் என்றான். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. ஜைனுதீன் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்விட்டான்.

இத்ரூஸ் அந்தக் கறுப்பு வயரில் மறுபடி பிளக்குகளைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனார். ஹன்னா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நடந்தது உங்கள் குற்றம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும் என்றாள். சிரிக்கவும் செய்தாள். ஆனால் வயரை வாங்கவில்லை. இனி வேனில் மண்ணெண்ணெய் விளக்குதான், கரண்ட் வேண்டாம் என்றாள். இத்ரூஸ் அதைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தார். வரும் வழியில் அது பெரும் பாரமாக இருந்தது. ஹன்னாவின் விரல் சரிவர மடங்க முந்தியே அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்.

சுபைதா தன் உம்மா வீட்டுக்குப் போய் நோன்பு வரும்வரை அங்கேயே இருந்தாள். நோன்புக்கு முந்திய நாள் திரும்பி வந்தாள். என் தம்பியை நடுத்தெருவில் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், நோன்பு திறக்கக் கஞ்சி வைத்தாள். அவரும் கடைக்குப் போய் வந்தார். கொழும்பிலிருந்து தம்பியிடமிருந்து செய்தி வந்தால் ஒளித்துக்கொண்டாள். அவரும் கேட்கவில்லை.

பெருநாள் கழிந்த ஒரு பின்னேரம், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொம்பள மௌத்தாயிருந்தா நான் சொல்லியிருப்பேன். அல்லாஹ் மேல ஆணையா சொல்லியிருப்பேன். அத நீங்க நம்பணும்."

இத்ரூஸ் அவளைப் பார்த்தார். நம்ப வேண்டும் என்று அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நம்புகிறேன் என்ற சொல் வாய் வரை வந்தது. எழுந்துபோய் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவள் சுளகை எடுத்து மறுபடி அரிசியைப் புடைத்தாள்.