தீ போகிற சந்து

அந்த மேட்டு நிலத்தில் வருடத்துக்கு ஒருமுறை, கோடை முற்றியபின் ஒரு பிற்பகலில், தீ நடந்து போகும். கிழக்கே இருக்கும் கரட்டிலிருந்து இறங்கி, நிலத்தைக் குறுக்கே கடந்து, மேற்கே வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் போய் மறைந்துவிடும். ஓர் ஆள் உயரம் இருக்கும், ஒரு லாரி அகலம் இருக்கும். தன் காலடியில் படுகிற புல்லை மட்டும் எரிக்கும்; இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு சருகைக்கூடத் தொடாது. யார் பற்றவைத்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் அந்த நேரத்துக்கு ஆடுகளை ஒதுக்கிக்கொண்டு, அது போனபின் பழையபடி மேயவிடுவார்கள். வீடு வாசல் எதுவும் அங்கே இல்லாததால் தீயினால் மனிதர்களுக்குத் தொந்தரவில்லை, மனிதர்களால் தீக்கும் தொந்தரவில்லை.

தொந்தரவு மனைக்காரரோடு வந்தது. நிலத்தை மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு விற்பது அவர் தொழில். மனிதர் கெட்டவரில்லை, அவசரக்காரர். அனுமதி வருவதற்கு முன்பே கிழக்கு எல்லையில் ஒரு வளைவு கட்டி, நடுவில் நீளமாக ஒரு தெரு போட்டு, வெள்ளையடித்த கற்களை நட்டு, எல்லா மனைகளையும் விற்றுத் தீர்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் தீப் பாதுகாப்பு ஆய்வு என்று ஒன்று பாக்கியிருப்பது ஞாபகம் வந்தது. வரைபடம் பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போனது. அங்கே நிலைய அலுவலராக இருந்தவளுக்கு ரெண்டுவழி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; ஆனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் அவள் கேட்பது, "உள்ள வர ஒரு வழி, வெளிய போக இன்னொரு வழி, எங்க?" என்பதுதான். கல்யாண மண்டபத்தில் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் பின்கதவைப் பார்ப்பவள். தங்கைக்கு வரன் பார்த்தபோதுகூட, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களிடம், வீட்டுக்குக் கொல்லைக் கதவு இருக்கிறது என்று சொன்னாள்.

அந்தத் தங்கை தையல்காரி. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில் குடியிருந்து அலுத்துப்போனவள். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானால்கூட வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். துணி காயப்போட ஒரு கொடி கட்டினால், அது மாடிக்காரர்களுக்கு இடைஞ்சல். மனைக்காரரிடம் அவள் வாங்கியது தெருவின் மேற்குக் கோடியில், தெரு போய் முட்டுகிற கடைசி மனை. அதற்கு அப்பால் ஏரிதான். நம்ம கொடியில் நம்ம துணி காயணும், அதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று அவள் அக்காவிடம் சொன்னபோது, அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது வரைபடம் அவள் மேசைக்கு வந்திருக்கவில்லை.

ஆய்வுக்கு அவள் தன் டிரைவரோடு ஜீப்பில் போனாள். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற தங்கமான மனிதர் அந்த டிரைவர். வளைவைத் தாண்டி, தெருவின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அவள் தெருவின் அகலத்தை அளந்தாள். தீயணைப்பு வண்டி தாராளமாகப் போகும். தண்ணீர்த் தொட்டிக்கு மேட்டில் இடம் விட்டிருந்தார்கள். வண்டி திரும்ப இடம் போதவில்லை, குறித்துக்கொண்டாள். வெளியே போக இரண்டாவது வழி இல்லவே இல்லை. அதையும் குறித்துக்கொண்டு தலை நிமிர்ந்தபோது, வளைவுக்குள் தீ நுழைந்துகொண்டிருந்தது.

அவள் பார்க்காத தீயில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு போன தீ, பஞ்சு மில்லில் நாள் கணக்காகப் பதுங்கியிருந்த தீ, எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றிருக்கிறாள். அவசரமில்லாத தீயை அன்றுதான் பார்த்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி அது நடந்து வந்தது. கூழாங்கற்களின் மேல் நிறையப் பேர் வெறுங்காலோடு நடக்கிற சத்தம் கேட்டது. அதன் ஓரமாக ஒரு தட்டான் எதுவும் நடக்காததுபோல் பறந்து போனது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது, அதற்கு அவளிடம் பெயரில்லை. தொப்பியை எப்போது கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

தீ ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றது. சுற்றிக்கொண்டு போகவில்லை, ஜீப்பைத் தொடவுமில்லை, நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த தீ அதன் மேலேறி நின்றது. ஓர் ஆள் உயரம் இரண்டாள் உயரமாகி, மர உயரமாகி, வேப்பிலைகள் சுருளத் தொடங்கின. டிரைவர் ஓடிவந்து வண்டிக்குள் ஏறி, என்ன நினைத்தாரோ, முதலில் ஒரு ஹாரன் அடித்தார். பிறகு வண்டியை ஒதுக்கினார். வழி கிடைத்ததும் தீ பழைய உயரத்துக்குத் தணிந்து, தெருவோடு போய், கோடியில் கடைசி மனையின் கற்களுக்கு நடுவே நேராகப் புகுந்து, ஏரிக்குள் இறங்கியது. ரெண்டுவழி அந்தக் கற்களைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றாள்.

மனைக்காரர் சுவர் கட்டிவிடலாம் என்றார். மறித்தால் என்ன ஆகும் என்று அவள் கண்ணால் பார்த்தாயிற்று. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாள். அணைக்க வேண்டாத தீ என்று விதிகளில் எந்தத் தலைப்பும் இல்லை என்றும், நடந்து போவது எதுவானாலும் அதைப் போக்குவரத்தின் கீழ் வைத்துக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவை இரண்டே. மொத்தத்துக்கும் கூடாது என்று எழுதினால், வாங்கிய அத்தனை குடும்பங்களும் வெறுங்கையோடு நிற்கும். கடைசி மனையின் நடுவே வழி விடவேண்டும் என்று எழுதினால், ஒரு குடும்பம் மட்டும் நிற்கும். அதைத் தங்கையின் வாடகை வீட்டுக்கே போய்ச் சொன்னாள்.

"ஊர்ல எல்லாருக்கும் வழி பாத்துப் பாத்து வைக்கிற. என் வீட்டுக்குள்ளதான் உனக்கு வழி கெடச்சுதா?" என்றாள் தங்கை.

"நான் வைக்கலடி. அது முன்னாடியே இருக்கு. நான் எழுதிக் குடுக்கிறேன், அவ்வளவுதான்."

"எழுதாம விட்டுடேன்."

"விட்டா அது உன் வாசல்ல வந்து நிக்கும். நின்னா வளரும். உன்னோட போகாது, அந்தத் தெருவே போயிடும்."

"அப்ப மொத்தமா வேணாம்னு எழுது. எல்லாருக்கும் போகட்டும். எனக்கு மட்டும் ஏன்க்கா?"

தங்கை தையல் மிஷினில் உட்கார்ந்து, துணியில்லாமலே அதை ஓட்டத் தொடங்கினாள். அக்கா எழுந்து வந்து, கடைசி மனையின் நடுவே வழி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மனைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வந்தார். தங்கை கதவைத் திறக்கவில்லை. வழி போக இரண்டு பக்கமும் மிஞ்சிய துண்டுகளிலேயே வீடு கட்டினாள்: சந்துக்குத் தெற்கே சமையற்கட்டும் தையல் மிஷினும், வடக்கே படுக்கிற அறை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டுமானால் சந்தைக் கடக்க வேண்டும். மழை பெய்தால் குடை வேண்டும். அவளுடைய கணவர் இரண்டு குடை வாங்கி வைத்தார். அக்காவோடு பேச்சு நின்றுபோனது. எதிரெதிரே நின்றால்கூட நடுவில் டிரைவர் வேண்டும். "அண்ணே, ஊர் சுத்த வந்திருக்காங்களான்னு கேளுங்க" என்பாள் தங்கை. டிரைவர் நாலடி நடந்து போய்ச் சொல்லிவிட்டு, நாலடி நடந்து வருவார். பிறகு அக்கா தான் போகாமல் டிரைவரை மட்டும் அனுப்பத் தொடங்கினாள். மற்ற வீடுகளும் எழும்பி, ஆட்கள் குடிவந்தார்கள். கோடை நெருங்க நெருங்க அவள் அனுப்பிய செய்தி ஒன்றுதான்: சந்தில் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது, முக்கியமாகத் துணிக்கொடி. ஒவ்வொரு தடவையும் டிரைவர் திரும்பி வந்து, "சரின்னாங்க மேடம்" என்றார்.

ஆட்கள் குடிவந்தபின் வந்த முதல் கோடையில், ஆடு மேய்ப்பவர்கள் குறித்துச் சொன்ன நாளன்று, ரெண்டுவழி எல்லாரையும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு அனுப்பிவிட்டாள். தங்கையும் வந்தாயிற்று என்று டிரைவர் சொன்னார். தீ வளைவுக்குள் நுழைந்ததும் அவள் அதற்கு முன்னால் நடந்தாள், வழியைப் பார்த்துக்கொண்டே. வாசலில் கிடந்த ஒரு சைக்கிளை ஒதுக்கினாள், ஒரு வாளியை ஒதுக்கினாள். தார் ரோட்டில் எரிக்க எதுவுமில்லாவிட்டாலும் தீ தன் பாட்டுக்கு வந்தது. தெருக்கோடிக்கு வந்து பார்த்தால், சந்தின் குறுக்கே கொடியில் போர்வைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. சமையற்கட்டு வாசலில் தங்கை நின்றாள்.

அக்கா ஓடினாள். தீ சந்து வாசலுக்கு வந்து, ஈரப் போர்வைகளுக்கு முன்னால் நின்றது. நின்றதும் வளர்ந்தது. சமையற்கட்டின் கூரையைத் தாண்டியது, தென்னை உயரம் போனது. மேட்டிலிருந்து எல்லாரும் கத்துவது கேட்டது. டிரைவர் குழாயோடு ஓடிவருவதைப் பார்த்து, தண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தண்ணீர் அடித்தால் அது சிதறி இரண்டு பக்கமும் புகும். கொடியின் ஒரு முனை சமையற்கட்டுச் சுவரில் கம்பியால் முறுக்கியிருந்தது. மறுமுனை வடக்கே, அறைச் சுவரின் வளையத்தில் கயிற்று முடிச்சு. நனைந்த முடிச்சு விரலுக்கு மசியவில்லை. கத்தி எடுக்க நேரமில்லை. இத்தனை உயரத் தீயின் கீழே, அவள் வாழ்க்கையில் முதல்முறையாக, வெளியே போகும் வழி எது என்று பார்க்கவில்லை.

"அக்கா! பல்லால கடிக்கா!" என்று கத்தினாள் தங்கை.

கடித்தாள். முடிச்சு விட்டது. தங்கை கயிற்றோடு போர்வைகளையும் மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அக்கா இந்தப் பக்கச் சுவரோடு ஒட்டினாள். தீ தணிந்து, இருவருக்கும் நடுவே நடந்து போனது. கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற சூடுதான், அதற்கு மேல் இல்லை. கிட்டத்தில் அதற்குள் பல நிறங்கள் இருந்தன. அவள் இத்தனை வருடம் அணைத்த தீ எதிலும் பார்க்க வாய்க்காத நிறங்கள். எத்தனையோ காலம் நடந்து வந்த ஒன்று தன்னைத் தொடாமல் தாண்டிப் போகிறது என்பதில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, அழுகை வந்தது. தீயின் ஊடே எதிர்ச் சுவரில் தங்கையின் முகம் ஆடி ஆடித் தெரிந்தது. அதுவும் அழுதுகொண்டிருந்தது. கடைசிச் சுடர் ஏரிக்குள் இறங்கும்வரை இருவரும் அசையவில்லை.

"ஈரப் போர்வை தொங்கினா சுவரு தப்பிக்கும்னு நெனச்சேன். கொடி கட்டாதேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் தங்கை.

"சொன்னேனே. வாரா வாரம் டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்."

"அவரா? மேடம் உங்களை ரொம்ப விசாரிச்சாங்கன்னு மட்டுந்தான் சொன்னாரு, வந்தப்பல்லாம்." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நான் திட்டி அனுப்பினதெல்லாம்?"

"நீ சாப்பிட வரச் சொன்னேன்னு சொன்னாரு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சுருட்டின குழாயையே மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வருடங்கள் போய்விட்டன. மனைக்காரர் வேறு ஊர்களில் வேறு வளைவுகள் கட்டினார். விதிப் புத்தகத்தில், போக்குவரத்துத் தலைப்பின் கீழ், தீக்கு ஒரு வரி சேர்ந்தது. ரெண்டுவழி ஓய்வு பெற்று, தங்கை வீட்டின் வடக்கு அறைக்கு மேல் ஓர் அறை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு இரண்டு படிக்கட்டுகள். தீ போன நாளிலிருந்து சந்தின் இரண்டு சுவர்களும் வாரக்கணக்கில் வெதுவெதுப்பாக இருப்பதால், தெருவே துணி காயப்போட அங்கே வரும், தங்கையும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக் குப்பை வண்டி வரும் நேரத்தையும் தண்ணீர் விடும் நேரத்தையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்: கோடையில் ஒரு நாள் மட்டும் மத்தியானத்துக்குள் கொடியை அவிழ்த்துவிட வேண்டும், சாயங்காலம் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.